கலஹா ரோட்டை மூடிய ஓவியம்

அம்பிட்டிய,
2025 பெப்ரவரி 3, திங்கள்.

வேலாயிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்கு முன். சனிக்கிழமை ஸ்டூடியோவைப் பூட்டும்போது கடை முன்கண்ணாடிக்குள் தொங்குகிற உன் படத்தைப் பார்த்து, "வர்றேன் புள்ள, கதவத் தாப்பா போட்டுக்க" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்துத் துணிக்கடை ஜமால்தீன் நானா அந்த நேரம் பார்த்துத்தான் தன் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். "முத்து, ஊட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குங்க" என்று மட்டும் சொன்னார். இன்று காலையில் கண்டி மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் விற்கிறவன்கூட என்னைக் கண்டதும், "முதலாளி, தாப்பா போட்டாச்சா?" என்கிறான்.

நீ போனை அரிசி வாளிக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் அண்ணன் காளிமுத்துவுக்கு அடித்தால், "அவ மலைக்குப் போயிருக்கா" என்கிறார். திரும்ப அடித்தால், "அவ குளிக்கிறா." இன்னொரு தரம் அடித்தால், "அவ தூங்குறா." நான் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நீ இத்தனையும் செய்திருக்கிறாய். சுறுசுறுப்புத்தான். அதனால் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னித்துக்கொள். கலஹா பஸ் கொண்டக்டர் கணேஸிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் பிரித்துப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். கணேஸ், படித்தாயிற்றா? சரி, ஒட்டிக் கொடு.

நான் என்ன குற்றம் செய்தேன், சொல். பொங்கலுக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்த படம் அது. படம் எடுக்கப் பின்னால் பின்னால் போய் நான் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். நீ தேயிலைக்கு நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கானுக்குள் கிடந்தபடியே எடுத்தேன். நம் பிள்ளை நிரஞ்சன் லீவு முடிந்து கொழும்புக்குப் போகுமுன், போட்டோவை ஓவியமாக்குகிற ஒரு சாமானைக் கடைக் கம்பியூட்டரில் போட்டுத் தந்தான் அல்லவா? அதற்குள் உன் படத்தைப் போட்டுத் தட்டினேன். எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த மாதிரி வந்தது. கன்வஸ் துணியில் பெரிதாக அடித்துக் கண்ணாடியில் தொங்கவிட்டு, 'உங்கள் போட்டோவும் ஓவியமாகும்' என்று எழுதி வைத்தேன். இத்தனை வருஷமாகப் பாஸ்போட் போட்டோவும் போட்டோ கொப்பியுமாக ஈ ஓட்டின கடைக்கு முன்னால் இப்போது ஆட்கள் நின்று பார்க்கிறார்கள்.

அதைப் பார்த்து நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ வெள்ளிக்கிழமை சோற்றுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாய். இரவு வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அன்றிலிருந்து பாணும் சம்பலும்தான். சம்பலும் கடைச் சம்பல். நேற்றுப் பருப்பு வைக்கலாம் என்று அடுப்பை மூட்டினேன். உப்பை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று தெரியாமல் இரண்டு தடவையும் போட்டுவிட்டேன்.

தன்னை அழகாக்கிவிட்டதற்காகக் கோபித்துக்கொண்டு போன பெண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. என்ன கோபம் என்றாவது எழுது. உப்பையும் எழுது.

பட்டினி கிடக்கும்,
அழகமுத்து.

•

கலஹா, மேற்பிரிவு லயம்,
5.2.2025

நிரஞ்சன் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கணேஸ் பசையை அள்ளிப் பூசியிருந்தான். கிழித்துத்தான் எடுத்தேன்.

பருப்புக்கு உப்பு கடைசியில்.

நீங்கள் "வர்றேன் புள்ள" என்று சொன்னது எனக்கு இல்லை. அவளுக்கு.

வெள்ளிக்கிழமை உங்கள் முதுகுக்குப் பின்னால் சோற்றுப் பார்சலோடு நான் நின்றது உங்களுக்குத் தெரியாது. ஜமால்தீன் நானா கண்ணாடியைக் காட்டி, "யாரு முத்து இந்தப் பொம்புள? நம்மட ஊரா?" என்று கேட்டார். நீங்கள், "யாருக்குத் தெரியும் நானா, மெஷின்ல பொறந்த புள்ள" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தீர்கள். அப்போதுதான் நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். சேலை என்னுடையது. தோடு என்னுடையது. பின்னால் இருப்பது எங்கள் அண்ணன் வைத்த முருங்கை மரம். முகம் மட்டும் யாருடையதோ. வெள்ளைத் தோல், சின்ன மூக்கு, இருபது வயது.

கலஹா ரோட்டையும் காணவில்லை.

அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். கொழுந்துக் கூடையின் கயிறு சின்ன வயதிலிருந்து அழுத்தி அழுத்தி, நெற்றிக்கு மேல் முடி முளைக்காமல் பள்ளமாகிப் போன கோடு. கல்யாணம் முடிந்த மறுநாள், "கலஹா ரோட்டுல பஸ் வருது, ஒதுங்குங்க" என்று அதில் விரலை ஓட்டினீர்கள். இன்றைக்கும் ஓட்டுகிறீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் ஒரு நாளாவது நான் தலையை இழுத்துக்கொண்டேனா?

அதை மூடிவிட்டு, என்னை யார் என்று தெரியாது என்றும் சொல்லிவிட்டீர்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு உங்களுக்குப் பிடித்த முகம் அதுதான் என்றால், அவளையே பருப்பு வைக்கச் சொல்லுங்கள்.

அவளை இறக்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வேலாயி.

கணேஸ் இதையும் படிப்பான். படிக்கட்டும்.

•

அம்பிட்டிய,
பெப்ரவரி 8, சனி.

வேலாயி,

நீ பின்னால் நின்றது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? சரி, இது நல்ல பதில் இல்லை. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் பேனா மை பின்பக்கம் வரை ஊறிவிட்டது. இருக்கட்டும்.

நான் சொன்னது பகிடி. உனக்கு என் வாய் தெரியாதா? உன் அப்பாவின் முன்னால் பெண் பார்க்க வந்த அன்றே, "பொண்ணு எங்க, கூடைதான் தெரியுது" என்று சொன்ன வாய். அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதானே என்னைக் கட்டினாய்?

அந்த ரோட்டை நான் மூடவில்லை. சத்தியமாக மெஷின்தான் மூடியது. அதில் ஒரு கோடு இருக்கிறது, கோட்டின் மேல் ஒரு பொத்தான். இடப்பக்கம் இழுத்தால் போட்டோ போட்டோவாகவே இருக்கிறது. வலப்பக்கம் இழுக்க இழுக்க ஓவியமாகிறது. அப்படி ஆகும்போது முகத்தில் உள்ள மரு, சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் அழுக்கு என்று நினைத்து அதுவாகவே துடைத்துவிடுகிறது. யார் அதற்குத் துடைக்கச் சொன்னது? நடுவில் நிறுத்திப் பார்த்தேன். அம்மை போட்டு எழுந்த ஆள் மாதிரி இருந்தாய்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வேறு வேலை இல்லை. நீர்ச்சாயம் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டேன். ரோடு வந்தது, ஆனால் நெற்றி விரிசல் விட்ட மண்பானை மாதிரி. பிறகு பழைய காலத்து வெள்ளைக்காரர் பாணி என்று ஒன்று. அது உன் ரோட்டைப் பார்த்து ஏதோ நகை என்று முடிவு பண்ணி, அந்த இடத்தில் முத்து வைத்த நெற்றிச்சுட்டி ஒன்றைப் போட்டுவிட்டது. பின்னால் இருந்த தேயிலை எல்லாம் ரோசாப்பூ. துரை வீட்டு அம்மா மாதிரி நின்றாய், பார்த்தால் எனக்கே சலாம் போடத் தோன்றியது. கடைசியில் பென்சில் படம். அதில் ரோடு அவ்வளவு நன்றாக வந்தது. ஆனால் மீசையும் வந்தது. அதை அனுப்பமாட்டேன். மற்ற இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். எது பரவாயில்லை என்று சொல்.

எனக்கு இந்த மெஷினைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது வேலாயி. மனிதன் என்றால் இரண்டு திட்டுத் திட்டலாம். இது சுற்றிச் சுற்றி ஒரு வட்டத்தைக் காட்டிவிட்டு, மறுபடி அதே வெள்ளைக்காரியைக் கொண்டுவந்து வைக்கிறது.

இறக்கச் சொன்னாய். இறக்கத்தான் போகிறேன். ஆனால் உடனே முடியாது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வைக்க இரண்டு வீட்டு ஆட்களின் படத்தையும், "இதே மாதிரி, அப்படியே இதே மாதிரி" என்று உன்னைக் காட்டித்தான் கேட்டார். உன்னை இறக்கிவிட்டு நான் எதைக் காட்டிப் பேசுவது? இத்தனை வருஷத்தில் இப்போதுதான் என்னிடம் ஒருவர் கல்யாண வேலை கொடுத்திருக்கிறார். அது முடியட்டும்.

உப்பு கடைசியில் போட்டேன். இப்போது பருப்பே வேகவில்லை. ஊறப்போட வேண்டுமா?

அழகமுத்து.

•

கலஹா,
10.2.2025

நிரஞ்சன் அப்பாவுக்கு,

அவள் இன்னும் தொங்குகிறாளாம். எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது பார்த்தேன் என்று கணேஸ் சொன்னான். "அக்கா, லைட்டும் போட்டிருக்கு" என்றான்.

நான் படம் கேட்டேனா? உங்களை யார் படம் அனுப்பச் சொன்னது? சுட்டி போட்டவளை அண்ணி சீனிப் போத்தலின் வாயில் வைத்துக் கட்டியிருக்கிறாள், எறும்பு ஏறாமல். விரிசல் பானையை அண்ணன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாப்புள வீட்டுப் பக்கத்து ஆளா?" என்று கேட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம் என்றும் இருந்தேன்.

முந்தாநாள் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மலையில் அவள் கூடையைக் கொஞ்ச நேரம் நான் மாட்டினேன். நாங்கள் அம்பிட்டியவுக்கு வந்த பிறகு நான் கூடை தொட்டதே இல்லை. கயிற்றைத் தலையில் போட்டேன். அது இடம் தேடவில்லை. நேராகப் போய் அந்தக் கோட்டில் உட்கார்ந்தது, தன் வீட்டுக்குள் போகிற மாதிரி.

உங்களுக்குத் தெரியாது, நான் அதை மறைத்துக்கொண்டுதான் திரிந்தேன். முடியை முன்னால் இழுத்து வாரி, கடைக்குச் சோறு கொண்டுவரும்போது முந்தானையைத் தலையில் போட்டு, டவுனில் உள்ளவர்கள் பார்ப்பார்களே என்று. வீட்டுக்குள் வந்தால் மட்டும் எடுத்துவிடுவேன். நீங்கள் கேலி பண்ணுவீர்கள், ஆனால் மறைக்கச் சொன்னதில்லை. உங்கள் முன்னால் மட்டும்தான் நான் மறைக்காமல் இருந்தேன். இப்போது நீங்களே மறைத்து, லைட்டும் போட்டு, டவுனுக்கே காட்டுகிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகு என்கிறார்கள். அப்படியென்றால் என்னை...

மேலே எழுத வரவில்லை.

மெஷின் துடைத்தது என்கிறீர்கள். சரி. தொங்கவிட்டது மெஷினா?

பருப்பை ஊறப்போட வேண்டாம். மூடி போட்டு வேகவிடுங்கள். அரிசியில் வண்டு பிடித்திருக்கும், வெயிலில் காயப்போடுங்கள்.

வேலாயி.

•

அம்பிட்டிய,
பெப்ரவரி 15, சனி.

வேலாயி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். கடைசியில் நீ எழுதாமல் விட்ட இடத்துக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதலாம் என்று பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை. இப்போதும் ஓடவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அந்தக் கட்டுகஸ்தோட்டை அம்மா மகளோடு படங்களை எடுக்க வந்தார். இரண்டு நாள் கண் வலிக்க உட்கார்ந்து செய்த படங்கள். மேசையில் வரிசையாகப் பரப்பினேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தைக் கையில் எடுத்தார்.

"இது யாரு?"

"நீங்கதான்மா."

"அப்ப இது?"

"உங்க மக."

"இது?"

நான் படத்தைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன். "மாப்புளயோட அம்மா."

அந்த அம்மா எல்லாப் படத்தையும் ஒருமுறை பார்த்தார். "ஏங்க, நானும் என் சம்பந்தியும் ஒரு வயித்துல பொறந்த மாதிரி இருக்கோம். பொண்ணும் மாப்புளயும் பாருங்க, அண்ணன் தங்கச்சி! இத மண்டப வாசல்ல வெச்சா வர்றவங்க முறை கேக்கமாட்டாங்களா? தாலி கட்ட விடுவாங்களா?" என்றார். மாப்பிள்ளைக்கு இருந்த தாடியும் போய், பெண்ணின் மூக்கு அவனுக்கும் வந்திருந்தது. கல்யாணப் பெண் தன் படத்தை எடுத்துக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "எனக்குக் கன்னத்துல குழி விழும் அங்கிள். அவர் அதப் பாத்துத்தான் சரின்னாரு. குழி எங்க?" என்று கேட்டாள். மெஷின் மண் போட்டு நிரப்பிவிட்டது என்றா சொல்வது?

அந்த அம்மா கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "அவதான். அவதான் வந்து எல்லார் மூஞ்சியிலயும் உக்காந்திருக்கா" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் வெளியே போய் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன், தெருவில் போகிறவன் பார்க்கிற மாதிரி. யார் என்று எனக்கும் தெரியவில்லை வேலாயி. நானாவிடம் நான் சொன்னது பகிடி இல்லை போலிருக்கிறது. உண்மையாகவே தெரியாத ஒருத்தியைத்தான் தொங்கவிட்டிருந்தேன். அவளிடம்தான் தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இறக்கிவிட்டேன். லைட்டையும் கழற்றிவிட்டேன். நானாவிடம் போய், "அன்னைக்கு நீங்க கேட்டது என் சம்சாரம்" என்று சொன்னேன்.

கல்யாண வீட்டுக்கு அன்றிரவே சாதாரணப் போட்டோக்களையே பெரிதாக அடித்துக் கொடுத்தேன். குழியோடு.

உன் படத்தை மட்டும் விடவில்லை. நேற்றுத்தான் ஒரு வழி கண்டேன். ஓவியத்துக்கு அடியில் உன் போட்டோ அப்படியே கிடக்கிறது. மேலே உள்ள சாயத்தை ரப்பரால் அழிக்கிற மாதிரித் தேய்த்தால், தேய்த்த இடத்தில் போட்டோ தெரிகிறது. நெற்றியில் தேய்த்தேன். ரோடு வந்தது! எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு தள்ளி நின்று பார்த்தால், அந்த இடம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கிறது. நெற்றி ஒருத்தியுடையது, புருவம் இன்னொருத்தியுடையது. புருவத்தைத் தேய்த்தேன். இப்போது கண் பொருந்தவில்லை. இந்தச் சனியனைத் தூக்கி மகாவலியில் போட்டுவிட்டு மறுபடி பாஸ்போட் போட்டோ எடுக்கலாமா என்று இருக்கிறது. விரல் கொப்பளித்துவிட்டது.

அரிசியை வெயிலில் போட்டேன். காக்காய் தின்றுவிட்டது.

அழகமுத்து.

•

கலஹா,
17.2.2025

நிரஞ்சன் அப்பாவுக்கு,

இறக்கியது நல்லது. இறக்கி எங்கே வைத்தீர்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கல்யாணப் பெண் கேட்டது சரி.

நானா என்ன சொன்னார் என்று எழுதவில்லையே. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு பக்கம் மெஷினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஒரு வரி.

இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். ஓவியம் சரியாக வந்தால் நான் வந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள் போல. பாஸ்போட் போட்டோ எடுக்க வருகிறவனுக்குக்கூடப் பின்னால் பெயர் எழுதிக் கொடுக்கிற ஆள் நீங்கள். அவ்வளவு பெரிய படத்தில் என் பெயர் எங்கும் இல்லை. பெயர் இருந்திருந்தால் நானா கேட்டிருக்கவே மாட்டார். நீங்களும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போடுங்கள்.

வேலாயி.

•

அம்பிட்டிய,
பெப்ரவரி 20, வியாழன்.

என் வேலாயிக்கு,

நானா சொன்னதை எழுதாமல் விட்டது வெட்கத்தில். இப்போது எழுதுகிறேன். "முத்து, டெய்லி சோத்துப் பார்சலோட வர்ற தங்கச்சிய எனக்குத் தெரியாதா? அந்தப் படத்துலதான் தெரியல்ல. பொஞ்சாதிய யாருண்டு தெரியாதுண்டு சொன்ன மனுசன இந்த மார்க்கெட்டுல இப்பத்தான் பாக்குறன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. நீ வந்தால்தான் அவரும் பேசுவார் போல. இரண்டு இடத்தில் தள்ளி வைத்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

அவள் வீட்டில் இல்லை. கன்வஸைத் திருப்பி, பின்பக்கத்தை வெளியே வைத்து, ஸ்டூடியோ ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாக அடித்துவிட்டேன். இனி அவள் சுவரைத்தான் பார்க்கலாம்.

இப்போது படத்தைப் பற்றி, கடைசித் தடவையாக. கண்ணைத் தேய்த்தேன். பிறகு மூக்கு பொருந்தவில்லை, அதையும் தேய்த்தேன். கன்னம், காது, கழுத்து என்று சாயத்தை எல்லாம் தேய்த்து எடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால், பொங்கலன்று கானுக்குள் கிடந்து நான் எடுத்த அதே முகம் அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டுச் சாயம் இல்லை. மூன்று கிழமையாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டை ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் தேயிலையும் வானமும் முருங்கையும் ஓவியமாக இருக்கின்றன. நடுவில் நீ மட்டும் நீயாக நிற்கிறாய். ரோடு திறந்திருக்கிறது. இதற்கு மேல் ஒன்றும் செய்ய எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் செய்யமாட்டேன்.

பெயர் கேட்டாய். போட்டிருக்கிறேன். சும்மா 'வேலாயி' என்று போட்டால் மரியாதை இல்லை. கடையில் ஆட்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறவன், எனக்கு எழுதத் தெரியாதா? படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இப்படிப் போட்டேன்: 'கலஹாவைப் பிறப்பிடமாகவும் அம்பிட்டியவை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி வேலாயி அழகமுத்து. அன்னார் ஸ்டூடியோ அழகமுத்துவின் அன்பு மனைவியும் நிரஞ்சனின் பாசமிகு தாயாரும் ஆவார்.' இனி யாரும் யார் என்று கேட்க முடியாது. இதே மாதிரி ஒன்று கடைக் கண்ணாடியிலும் தொங்குகிறது. லைட்டோடு. சட்டம் போடக் கறுப்புத்தான் கையிருப்பில் இருந்தது, பொறுத்துக்கொள்.

நாளைக்குக் கணேஸிடம் கொடுத்துவிடுகிறேன். உடையாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். நீ வந்தால் சேர்ந்து வருவோம். வராவிட்டால் உன் அண்ணன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் நானும் படுத்துக்கொள்கிறேன், கலஹாவை வசிப்பிடமாகக் கொண்டு.

உன்,
அழகமுத்து.

•

கலஹா,
21.2.2025, வெள்ளி.

நிரஞ்சன் அப்பாவுக்கு,

படம் வந்தது. முகம் என்னுடையது. வாயைத் திறந்து சிரிக்கிறேன், மேல்பல் ஒன்று இல்லாதது தெரிகிறது. அதையும் விட்டு வைத்திருக்கிறீர்கள். அண்ணன் இந்தத் தடவை யார் என்று கேட்கவில்லை. "நீ சின்ன வயசுல இருந்தே இப்படித்தான் சிரிப்ப" என்றார். நான் அதை அண்ணி படுக்கிற காம்பராவில் சுவரில் சாத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பையைக் கட்டிவிட்டேன். இஸ்தோப்பில் படுக்க வேண்டாம், குளிர்.

படம் வந்த விதத்தையும் எழுதுகிறேன்.

உடையாமல் இருக்கட்டும் என்று கணேஸ் அதை டிரைவருக்கு மேலே சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை என்பதால் சாமிக்குப் புதுமாலை. பஸ் குலுங்கினால் விழுமே என்று, அந்த மாலையில் பாதியை எடுத்து என் படத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறான். கறுப்புச் சட்டம். கீழே மரண நோட்டீஸ் மாதிரி நீங்கள் எழுதியது. பேராதனையில் ஏறின நம் ஆட்கள் இறங்கும் வரை அதைத்தான் படித்துக்கொண்டு வந்தார்களாம். பஸ் எங்கள் சந்திக்கு வருவதற்குள் நான் செத்துப்போயிருந்தேன்.

முதலில் மரண உதவிச் சங்கத்துத் தலைவர் ராஜலிங்கம் ஐயா ஆட்கள் உட்காரக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. வாசலில் நின்ற என்னிடம், "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "கண்டியில இருந்து வரணுமில்ல" என்று அவராகவே சொல்லிக்கொண்டு கதிரைகளை இறக்கினார். பிறகு கீழ்ப்பிரிவுப் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் வந்த வேகத்தில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் நிறுத்தினாள்.

வந்தவர்களுக்கு நான்தான் தேத்தண்ணீர் ஊற்றினேன். சீனி போதவில்லை. சீனிப் போத்தலில் இருந்து சுட்டி போட்டவளை எடுத்துவிட்டோம்.

லொறி வேறு வேலைக்குப் போய்விட்டது, நாளைக்குத்தான் வந்து கதிரைகளை எடுக்குமாம். கதிரை இருப்பதால் யாரும் எழுந்து போகவில்லை. அண்ணன் சீட்டுக்கட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்.

சந்தியிலிருந்து லயம் வரைக்கும் சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டினவரிடம் அவிழ்க்கச் சொன்னோம். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.

வேலாயி.